ஒன்பதாம் படகின் குரல்

மார்ச் 3, திங்கள்

இருபத்திரண்டாவது வயர்லெஸ் செட்டையும் இன்று காலை படகில் பொருத்தி முடித்தாயிற்று. கடைசிப் படகுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழசைவிடச் சின்னதா இருக்கே, பேசுமா?" என்றார். பேசும், மற்றவங்க பேசுறதை வாங்கி அடுத்தவங்களுக்கும் கடத்தும் என்றேன். "அப்ப எங்க மாடி வீட்டுக்காரங்க மாதிரி" என்றார். மூன்று வருடமாக நான் பக்கம் பக்கமாக எழுதி விளக்கியதை மனுஷன் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

உண்மையும் அதுதான். துறைமுகத்துக்குள் நாலு தீவு. கரைக் கோபுரத்தின் அலை தீவுகளுக்குப் பின்னால் எட்டாது. அங்கே போனால் கைபேசி வெறும் டார்ச் லைட்தான். அதனால் ஒரு படகின் செட் பேசுவதைப் பக்கத்துப் படகின் செட் வாங்கி, அதற்கடுத்ததிடம் கொடுத்து, கைமாறிக் கைமாறிக் கரைக்கு வர வேண்டும். நடுவில் ஒரு செட் வாங்கினதைக் கொடுக்காமல் விழுங்கிவிட்டால்? யாராவது வேண்டுமென்றே கைவைத்து அதை அப்படி ஆக்கிவிட்டால்? அந்தச் செட்டைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் என் வேலை.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. நல்ல நாள்.

மார்ச் 5, புதன்

நிதானத்தோடு வாக்குவாதம். (ஆபீசில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். டீ ஆறி ஆடை படிந்த பிறகுதான் முதல் வாய் குடிப்பார். என்னோடு இந்த வேலையில் இருக்கும் ஒரே ஆள்.)

நான் எழுதியிருக்கும் விதி இது. ஒவ்வொரு செட்டும் தன் பக்கத்து செட்டைக் கவனிக்கும். கொடுத்ததை அது கடத்தவில்லை என்றால் ஒரு புகார். புகார் ஒரு அளவைத் தாண்டினால் எல்லா செட்டும் அதை ஒதுக்கிவிடும். அதனிடம் எதையும் கொடுக்காது, அதனிடமிருந்து எதையும் வாங்காது.

"வாங்கவும் மாட்டோம்னா, அந்தப் படகுக்காரர் நிஜமாவே ஆபத்துல கூப்பிட்டா?" என்றார்.

"கெட்ட செட் சொல்றதை எப்படி நம்புறது? பொய்யா ஒரு ஆபத்துக் குரல் கொடுத்து எல்லாப் படகையும் ஒரே பக்கம் ஓட வைக்கலாமே."

ரொம்ப நேரம் யோசித்தார். "சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனார். நான் ஜெயித்துவிட்டேன். சாயங்காலம் வரை அந்தத் தெம்பிலேயே வேலை ஓடியது.

மார்ச் 10, திங்கள்

பரிசோதகர் வந்தார். துறைமுகத்தின் சார்பில் எங்கள் வேலையைச் சோதிப்பவர். தனக்கென்று ஒரு நாற்காலித் திண்டு கொண்டுவந்தார், அதைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் பேசினார். சிரிப்பு என்பது அந்த முகத்துக்கு வாடகைக்குக்கூட வந்ததில்லை போல.

சொன்னது: "இருபத்திரண்டுல ரெண்டு செட்டைக் கெடுத்து வெச்சிருக்கேன். எதுன்னு சொல்ல மாட்டேன். எப்படிக் கெடுத்திருக்கேன்னும் சொல்ல மாட்டேன். படகுக்காரங்களுக்கும் தெரியாது, நீங்களும் அவங்ககிட்ட எதுவும் சொல்லக் கூடாது. கண்டுபிடிச்சா உங்க செட்டை வாங்கிக்கிறோம்." ஒரு உறையை எங்கள் மேனேஜர் அம்மாவிடம் கொடுத்து பீரோவில் பூட்டச் சொன்னார். உள்ளே இரண்டு எண்கள்.

எனக்குக் கை பரபரத்தது. பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள் கொடுக்கும்போது வரும் பரபரப்பு.

மார்ச் 13, வியாழன்

மகள் நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். ஜெயிப்பியா என்றதற்கு, "மூழ்காம வந்தாப் போதும்மா" என்கிறாள். ஏப்ரல் முதல் சனிக்கிழமை. கட்டாயம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

மாட்டியது. ஒன்பது.

காலை பத்தேகாலுக்குப் புகார் எண்ணிக்கை அளவைத் தாண்டியது. திரையில் ஒன்பதாம் எண் சிவப்பானது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்ற இருபத்தொரு செட்டும் ஒவ்வொன்றாக அதை ஒதுக்கின. கையெழுத்து, முத்திரை, எல்லாம் ஆன மாதிரி. பாதி வேலை முடிந்தது, இன்னும் ஒன்றுதான் பாக்கி. மேனேஜர் அம்மா என் தோளில் தட்டிவிட்டுப் போனார். நிதானம்கூட டீயைச் சூடாகக் குடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் (என் கணவரிடம்) சொன்னேன். "அப்ப நாளைக்கு லீவு போடு" என்றார். போடப் போவதில்லை. லீவு போட்டால் இந்தச் சந்தோஷத்தை யாரிடம் காட்டுவது?

மார்ச் 21, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஒன்பதாம் படகு இன்று காலை மூன்றாம் தீவுக்குப் பின்னால் நின்றுபோனது. அடியில் பழைய கயிறு சுற்றிக்கொண்டு எஞ்சின் அடைத்துவிட்டது. நீர் வற்றும் நேரம், படகு தானாக முகத்துவாரம் பக்கம் போகத் தொடங்கியது. ஓட்டுகிற அம்மா செட்டில் கூப்பிட்டிருக்கிறார். ஒருமுறை இரண்டுமுறை இல்லை, நாற்பத்தொரு முறை. பதிவில் இருக்கிறது, நான் எண்ணினேன். ஒவ்வொரு முறையும் பக்கத்து செட்டுகள் அதைக் கேட்டிருக்கின்றன. கேட்டும் கீழே போட்டுவிட்டன. நான் சொன்னபடி.

பழைய செட் படகில் இருந்தது. அதில் சார்ஜ் இல்லை.

கயிற்றை எடுக்கக் குனிந்தபோது வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது. ஒற்றைக் கையால் ஆரஞ்சு மழைக்கோட்டை வீசிக்கொண்டே இருந்திருக்கிறார். தூர்வாரும் கப்பலில் ஒருவர் பார்த்தார். அதற்குள் இரண்டு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் மணல்திட்டுக்கு அந்தப்பக்கம். அங்கே அலை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

பரிசோதகர் போனில் கூப்பிட்டார். "விதியை மீறி ஒண்ணு சொல்றேன். ஒன்பது என்னோடது இல்லை. நான் அதைத் தொடவே இல்லை."

ஒதுக்குவதை உடனே நிறுத்திவிட்டோம். புகார்களை மட்டும் பதிவு செய்கிறது. நிதானம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் திருப்பி எதையாவது சொல்லிச் சண்டை போட்டிருப்பேன், அந்தச் சண்டையாவது நடந்திருக்கும்.

மார்ச் 22, சனி

இவர் வேலை பார்ப்பது பெரிய ஆஸ்பத்திரியில், மாவுக்கட்டுப் பிரிவில். நேற்று சாயங்காலம் அந்த அம்மாவுக்குக் கட்டுப் போட்டது இவர்தானாம். இன்று காலைதான் சொன்னார்.

"அரை மணி நேரம் கட்டு. ஒன்றரை மணி நேரம் பேச்சு. படகுத்துறையில அவங்களுக்கு வாயாடின்னுதான் பேராம், அவங்களே சொன்னாங்க. கட்டு காயுற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்."

"நான் யாருன்னு சொன்னீங்களா?"

"இல்லை. அதை நீதான் சொல்லணும்."

ஆமாம். நான்தான் சொல்லணும். நாளைக்கு.

மார்ச் 23, ஞாயிறு

போனேன்.

மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்ததும், "யாரும்மா, மூச்சு வாங்குது, முதல்ல உக்காரு" என்றார். ஐம்பது வயது இருக்கும். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். வரும் வழியெல்லாம் தயார் செய்திருந்த பேச்சு மறந்துபோய்விட்டது. "அக்கா, உங்க செட்டை யாரும் கேக்காதபடி செஞ்சது நான்தான்" என்றேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். செட்டுகள் ஒன்றையொன்று கவனிப்பது, புகார், அளவு, ஒதுக்குவது. பாதி புரிந்திருக்கும்.

பிறகு சொன்னார்: "புதன்கிழமைலேர்ந்து நான் பேசுறதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலை. நானும் எதையாவது தப்பாப் பேசிட்டேன் போல, எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க போலன்னு நினைச்சேன். ரெண்டு நாளா சோறு இறங்கலை எனக்கு. படகு அடிச்சுக்கிட்டுப் போனப்பகூட, கூப்பிட்டா வருவாங்கன்னு முழுசா நம்பிக் கூப்பிடலை, தெரியுமா?"

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

"எத்தனை பேரு என்னைப் பத்திப் புகார் சொன்னாங்க?"

"ஆளுங்க இல்லைக்கா, செட்டுங்கதான். அது வேற, மனுஷங்க வேற."

"எனக்கு அது வேற வேறயாத் தெரியலையேம்மா" என்றார்.

கிளம்பும்போது கதவு வரை வந்தார். "பிரச்சினை என்னன்னு கண்டுபிடி. கண்டுபிடிச்சுட்டு வந்து எனக்கும் சொல்லு. புரியுற மாதிரி சொல்லணும்."

மன்னித்தாரா? தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அது அவர் இஷ்டம்.

மார்ச் 25, செவ்வாய்

நிதானத்திடம், "நீங்க அன்னைக்குச் சொன்னது சரி" என்றேன்.

"நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கணும். எழுந்து போனது என் தப்பு" என்றார்.

சேர்ந்து உட்கார்ந்தோம்.

மார்ச் 28, வெள்ளி

மேனேஜர் அம்மா துறைமுகத்தோடு இரண்டு மணி நேரம் பேசி ஏப்ரல் கடைசி வரை அவகாசம் வாங்கியிருக்கிறார். அதற்குள் முடியவில்லை என்றால் எல்லா செட்டையும் கழற்றிவிடுவார்கள். "பயப்படாதே" என்றார். அவர் அப்படிச் சொன்னால் பயப்பட வேண்டிய விஷயம் என்று அர்த்தம்.

ஒன்பதின் மீது வந்த புகார்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அறுநூற்றுச் சொச்சம். நாலாம் எண்ணும் பதிமூன்றாம் எண்ணும்தான் அதிகம் புகார் சொல்கின்றன. அவை இரண்டும் நல்ல செட்டுகள். எந்தச் செய்தியையும் விழுங்குவதில்லை, வாங்கியதை ஒழுங்காகக் கடத்துகின்றன. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் மாதிரி. அவற்றின் வார்த்தைக்குத்தான் கணக்கில் மதிப்பும் அதிகம்.

அப்படியென்றால் ஒன்பதில்தான் ஏதோ கோளாறா? கழற்றிச் சோதித்தோம். ஒரு கோளாறும் இல்லை.

ஏப்ரல் 5, சனி

மகள் மூழ்காமல் வந்துவிட்டாள். எட்டுப் பேரில் ஏழாவது. எட்டாவது ஆள் பாதியில் நின்று கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆனாலும் மேலே ஏறி வந்தபோது இவள் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்க்கணுமே. இவரும் நானும் கை வலிக்கத் தட்டினோம். குளத்துத் தண்ணீரின் குளோரின் வாடை இன்னும் என் துப்பட்டாவில் இருக்கிறது.

நாலு மணி நேரம் செட்டுகளைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தோம். மூன்று பேர் சேர்ந்து.

ஒன்பதாம் படகில் ஒரு நாள் முழுக்கப் போய்வரலாம் என்று தோன்றியது. சுவரில் பார்த்துக்கொண்டே இருந்தால் சுவர்தான் தெரிகிறது. ஓட்டுவதற்கு மாற்று ஆள் ஒருவர். ஆனால் வாயாடி அக்காவும் வந்து ஏறிவிட்டார். லீவுதானே உங்களுக்கு என்றேன். "கை உடைஞ்சா வாயும் உடைஞ்சிடுமா?" என்றார். மாற்று ஆள் அன்று முழுவதும் மொத்தம் நாலு வார்த்தை பேசியிருப்பார், இடைவெளி கிடைத்திருந்தால் இன்னும் பேசியிருப்பாரோ என்னவோ.

மடியில் கணினியை வைத்துக்கொண்டு புகார்கள் வர வர வாசித்துக்கொண்டிருந்தேன். "இதோ பாருங்கக்கா, இப்பக்கூட வந்திருக்கு. பதிமூணு சொல்லுது, ஒன்பது செய்தியைக் கடத்தலை, நான் கவனிச்சுக்கிட்டுதான் இருந்தேன்னு."

"எந்தப் பதிமூணு?"

"பதிமூணாம் படகு."

"அவன் காலையிலேர்ந்து எண்ணெய்த் துறையில கட்டிக் கிடக்கானேம்மா. நடுவுல ரெண்டாம் தீவு இருக்கு. அங்கேர்ந்து என் குரல்கூட கேக்காது, இந்தச் செட்டு எப்படிக் கேக்கும்?"

இன்னொரு முறை சொல்லுங்க என்றேன். சொன்னார். மாற்று ஆளும், "ஆமாங்க, எண்ணெய்த் துறைதான்" என்றார். அது அவருடைய நாலில் மூன்று.

காதுக்கே எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, கேட்டேன், கடத்தவில்லை என்று சாட்சி சொல்லியிருக்கிறது அது. பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். நாலாம் எண்ணும் அப்படியே. பதிமூன்று ஒரு புகார் சொன்னால் இரண்டு விநாடியில் நாலும் அதையே சொல்கிறது, எங்கே இருந்தாலும்.

செய்தியை விழுங்கும் செட்டைத் தேடத்தான் நான் விதி எழுதினேன். ஒழுங்காக நடந்துகொண்டு, நல்ல பெயர் வாங்கி, அந்தப் பெயரை வைத்து இன்னொருத்தர்மேல் பழி போடும் செட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. புகாரை எண்ணினேன். புகார் சொன்னவர் அந்த இடத்தில் இருந்தாரா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

நாற்பத்து மூன்று வயது எனக்கு. இது தெரிய ஒரு படகில் ஏற வேண்டியிருந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

நிதானத்தின் கேள்வி: "தான் இருக்கிற இடத்தையும் அது பொய் சொன்னா?"

நல்ல கேள்வி. பகல் முழுக்க அதிலேயே போனது. நாலு மணிக்குப் பதிலும் கிடைத்தது. அது எங்கே இருக்கிறது என்று அதைக் கேட்க வேண்டாம். அந்த நேரத்தில் அதன் பேச்சை நேரடியாகக் கேட்ட மற்ற செட்டுகளைக் கேட்கலாம். எண்ணெய்த் துறையில் நிற்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாதா என்ன? கேட்க வாய்ப்பே இல்லாத இடத்திலிருந்து வரும் புகார், இனிமேல் சொன்னவர் கணக்கிலேயே ஏறும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்னொரு விதியையும் மாற்றினேன். இதை நிதானத்தின் கையால் எழுத வைத்தேன்.

கெட்டது என்று முடிவான செட்டிடம் மற்றவர்களின் செய்தியைக் கொடுக்க மாட்டோம். ஆனால் அந்தப் படகு ஆபத்து என்று கூப்பிட்டால் எல்லா செட்டும் கடத்தியே ஆக வேண்டும். "சந்தேகம்" என்று ஒரு குறி மட்டும் கூடவே போகும். முடிவெடுப்பது கரையில் உள்ள மனிதர். தன் செட் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று படகுக்காரருக்கும் தெரிய ஒரு மஞ்சள் விளக்கு எரியும்.

"பொய்யான ஆபத்துக் குரல் வந்தா?" என்று நானே கேட்டேன், அவர் கேட்க வேண்டியதை.

"ஒரு படகு சும்மா போய்ட்டு வரும். போய்ட்டு வரட்டுமே" என்றார்.

ஏப்ரல் 24, வியாழன்

புதிய விதிகளோடு ஒன்பது நாள் ஓடிய பிறகு இன்று உறையைப் பிரித்தார்கள். நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது 4, 13. உறைக்குள் இருந்தது 13, 4.

மேனேஜர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏன் ஒன்பதைக் குறிவைத்தீர்கள் என்று பரிசோதகரிடம் கேட்டேன். "நான் ஒன்பதுன்னு சொல்லலை. அதிகமாப் பேசுற செட் எதுவோ அதுமேல பழி போடுன்னு எழுதி வெச்சேன். நிறையப் பேசுறவங்கமேலதான் நிறையப் புகார் சொல்ல முடியும்." கொஞ்ச நேரம் திண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். "அது யாருன்னு நான் யோசிக்கலை. இதுல எனக்கும் பங்கு இருக்கு" என்றார்.

ஏப்ரல் 26, சனி

சொன்னபடி போய் வாயாடி அக்காவிடம் எல்லாம் சொன்னேன். புரிந்தது. "அதாவது, நல்ல பேரு எடுத்தவன் சொன்னான்னு நம்பிட்டே" என்றார். ஆமாம் என்றேன்.

பரிசோதகரும் வந்திருந்தாராம், நேற்று, மூன்று மாடி ஏறி. திண்டோடு. ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டாராம். "பாவம், நல்ல மனுஷன். ரெண்டு தடவை சிரிச்சாரு" என்றார் அக்கா. நான் நம்பவில்லை. ஆனால் அக்கா பொய் சொல்லும் ஆளும் இல்லை.

மே 2, வெள்ளி

ஒன்பதாம் படகு மறுபடி அக்கா கையில். காலை ஏழரையிலிருந்து செட்டில் ஓயாத பேச்சு. அவர் கைக்கட்டைப் பிரித்துவிட்டதும் என் கணவர்தான்.

மே 12, திங்கள்

இரண்டாம் சுற்று. பரிசோதகர் ஏதோ ஒரு செட்டைக் கெடுத்திருக்கிறார். இந்த முறை பழைய பாணி, வாங்கியதை விழுங்குவது. மூன்றே மணி நேரத்தில் பதினாறைப் பிடித்துவிட்டோம். தெளிவான சாட்சிகள், எல்லாரும் அருகிலேயே இருந்தவர்கள். பதினாறின் படகில் மஞ்சள் விளக்கு எரிகிறது. துறைமுகம் புதன்கிழமை வரை அப்படியே ஓடட்டும் என்றது. மகள், "அந்தப் படகு அங்கிளுக்கு அவர் செட்டை ஒதுக்கினது நிஜமாத் தெரியுமா இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டாள். தெரியும் என்று சொல்ல முடிந்தது.

மே 14, புதன்

காலை 11.20. நாலாம் தீவுக்குப் பின்னாலிருந்து ஆபத்துக் குரல், பதினாறாம் படகு. படகைக் கப்பலோடு கட்டும்போது கயிற்றுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஓட்டுநரின் கை சிக்கிவிட்டது. ஏழாம் செட் கேட்டது, இருபதுக்குக் கொடுத்தது, இருபது கரைக்குக் கொடுத்தது. நான்கு விநாடி.

கரை அலுவலர் எங்களுக்குப் போன் செய்தார். "சந்தேகம்னு குறி போட்டிருக்கே மேடம், சோதனையா இருக்குமோ? படகை அனுப்பவா?"

"அனுப்புங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பதினொரு நிமிடத்தில் படகு போய்ச் சேர்ந்தது. அதுவரை நான் ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தேன். நிதானம் உட்கார்ந்தே இருந்தார். நிஜமான ஆபத்துதான். இரண்டு விரலில் தையல், எலும்புக்கு ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் விரல் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். இவர் காய் நறுக்கிக்கொண்டே, "இன்னைக்கு வேலையில என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகலை" என்றேன். அதைச் சொல்ல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.